லினக்ஸ் நிறுவலும் கோப்பு முறைமைத் தெரிவும்

பேராதனையில் மகாவலி கங்கையை அடுத்து அமைந்த பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் அச்சு நூல்களோடு ஓலைச்சுவடிகளும் பேணப்பட்டு வருகின்றன. இத்தகைய நூலகம் ஒன்றின் பெருமை நூற்றொகையில் மாத்திரம் தங்கியதன்று. வேண்டிய நூல் எந்த அடுக்கில் எந்த இடத்தில் உள்ளது என்பதைப் பிழையின்றி எடுத்துக் கூறும் பட்டியலும் அதற்கு இன்றியமையாதது. பட்டியல் சிதைந்து போகுமாயின், நூல்கள் யாவும் அடுக்குகளிற் கிடந்தும் இல்லாதனவே ஆகும். கணினியின் வன்தட்டுக்கும் இவ்வுண்மை பொருந்தும். தட்டிற் பதியப்படுவது எண்களின் நீண்ட வரிசை ஒன்றே. அவ்வரிசையில் எப்பகுதி கடிதம், எப்பகுதி படம், எப்பகுதி யாருக்கு உரியது, எப்பகுதி வெற்றிடம் என்று வகுத்து நினைவில் வைத்திருக்கும் ஒழுங்கினையே கோப்பு முறைமை என்பர்.

விண்டோஸ் முதலிய பணிசெயல் முறைமைகளை நிறுவுவோர் இதனைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. லினக்ஸ் வழங்கல் ஒன்றினை நிறுவுவோர் முன்னரோ ஒரு வினா வந்து நிற்கின்றது. தட்டினை எக்கோப்பு முறைமையில் அமைப்பது என்பதே அவ்வினா. சில பெயர்கள் வரிசையாகக் காட்டப்படும். ஒன்று முன்னரே தெரிவு செய்யப்பட்டிருக்கும். பலர் அதனை வாசியாமலே அடுத்த படிக்குச் செல்வர். ஆயினும் நிறுவலின்போது செய்யப்படும் தெரிவுகளுள் பின்னர் மாற்றுதற்கு மிக அரியது இதுவே. மொழியை மாற்றலாம், திரையின் தோற்றத்தை மாற்றலாம், செயலிகளை நீக்கலாம், சேர்க்கலாம். கோப்பு முறைமையை மாற்றுவதற்குப் பெரும்பாலும் தட்டிலுள்ளவை அனைத்தையும் வேறிடத்துக்கு எடுத்துச் சென்று, தட்டினை வெறுமையாக்கி, மீண்டும் கொண்டுவந்து வைத்தல் வேண்டும். ஆதலின் இத்தெரிவின் தன்மையை முன்னரே அறிந்திருத்தல் பயனுடையது.

பேராதனை வளாகத்துக்கு அரணாக நிற்கும் அந்தானை மலைத்தொடரின் பெயரைத் தாங்கிய லினக்ஸ் வழங்கல் ஒன்று இலங்கையில் ஆக்கப்பட்டது. அந்தானை லினக்ஸ் என்னும் அது, பெடோரா என்னும் வழங்கலை அடிப்படையாகக் கொண்டு, அலுவலகச் செயலிகளும் ஒலி, ஒளிக் கோப்புகளை இயக்குதற்கு வேண்டியனவும் முன்கூட்டியே சேர்க்கப்பட்டு, ஒரே இறுவட்டிலிருந்து இயங்கத்தக்கதாக வெளிவந்தது. கல்வி நிலையங்களுக்கென அதன் தனிப் பதிப்பும் இருந்தது. இத்தகைய வழங்கல்களை ஆக்குவோர் கோப்பு முறைமையைத் தாமே படைப்பதில்லை. மூலமாகிய வழங்கல் எதனை முதன்மையாகக் கொண்டதோ அதுவே வழிவழியாக வந்து சேரும். பெடோரா 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட தனது பதினோராம் பதிப்பில் எக்ஸ்ட் 4 என்னும் முறைமையை இயல்பான தெரிவாக ஏற்றது. 2020 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த முப்பத்து மூன்றாம் பதிப்பில், மேசைக் கணினிகளுக்கு அதனை விடுத்துப் பி.ரி.ஆர்.எப்.எஸ். என்னும் வேறொன்றை ஏற்றது. எனவே கண்டியில் ஒருவர் எந்த ஆண்டில், எந்த வழங்கலை நிறுவினார் என்பதைப் பொறுத்து, அவரறியாமலே அவருடைய தட்டின் உள்ளமைப்பு வேறுபட்டுவிடுகின்றது. இவ்வேறுபாடு எதனால் எழுந்தது என்பதை அறிய இம்முறைமைகளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் லினக்ஸின் கருவை வெளியிட்டபோது, அதற்கெனத் தனிக் கோப்பு முறைமை இருக்கவில்லை. பேராசிரியர் அன்ட்ரூ தனன்பாம் கற்பித்தலின் பொருட்டு ஆக்கிய மினிக்ஸ் என்பதன் கோப்பு முறைமையே கடனாகக் கொள்ளப்பட்டது. அதில் ஒரு தட்டுப்பிரிவு 64 மெகாபைற்றுக்கு மேற்படுதல் இயலாது. கோப்பின் பெயர் 14 எழுத்துகளைத் தாண்டுதலும் இயலாது. இக்குறையை நீக்க, ரெமி கார்ட் என்பார் 1992 ஆம் ஆண்டில் எக்ஸ்ட் என்பதனையும், 1993 ஆம் ஆண்டில் எக்ஸ்ட் 2 என்பதனையும் ஆக்கினார். எக்ஸ்ட் 2 நீண்ட காலம் லினக்ஸின் பொதுவழக்காக நிலைத்தது. விரைவும் எளிமையும் வாய்ந்ததாயினும் அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது. மின்சாரம் எதிர்பாராது நின்றுவிட்டால், மீண்டும் இயக்கும்போது தட்டு முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சோதித்தல் வேண்டும். தட்டுகள் சிறியனவாயிருந்த காலத்தில் இது சில நிமிட வேலை. தட்டுகள் பெருகியபோது மணிக்கணக்கில் நீளலாயிற்று.

மின்தடை என்பது கண்டிக்குப் புறம்பான செய்தியன்று. நகரை அடுத்த பொல்கொல்லையில் 1976 ஆம் ஆண்டு முதல் மகாவலி நீர் திருப்பப்படுகின்றது. சற்றுத் தொலைவில் 1985 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய விக்டோரியா நீர்மின் நிலையம் 210 மெகாவாற்று வலுவுடையது. மின்னைப் பிறப்பிக்கும் இம்மலைநாடே மின்தடையினின்று தப்பியதில்லை. 2020 ஆம் ஆண்டு ஓகஸ்டு 17 ஆந் தேதியும், 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் தேதியும் இலங்கை முழுவதும் ஒருங்கே மின்னிழந்தது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியிற் பொருளாதார நெருக்கடி முற்றியபோது நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. இவையேயன்றி, பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட சித்திரை, ஐப்பசி மாதங்களில் மாலைதோறும் எழும் இடிமின்னலும், மழைக்காலத்தில் மின்கம்பிகள்மீது முறிந்து விழும் மரக்கிளைகளும் மலைநாட்டு மக்கள் பழகியவையே. மடிக்கணினிக்குள் மின்கலம் உண்டு. பாடசாலைகளிலும் வீடுகளிலும் உள்ள பழைய மேசைக் கணினிகளுக்கோ அத்துணை பெரும்பாலும் இல்லை. ஆதலின், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின் நின்றால் யாது நிகழும் என்பதே இவ்வூரார் கோப்பு முறைமையை நோக்கிக் கேட்கவேண்டிய முதல் வினாவாகும்.

இவ்வினாவுக்குக் கணினி அறிஞர் கண்ட முதல் விடை நாளேட்டு முறையாகும். கணக்கியல் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். வணிகர் கொடுக்கல் வாங்கலை நேரே பேரேட்டிற் பதிவதில்லை. முதலில் நாளேட்டில் நிகழ்ச்சியை முறைப்படி குறித்து, அதன் பின்னரே பேரேட்டின் உரிய பக்கங்களில் ஏற்றுவர். ஏற்றும் வேளையில் இடையூறு நேரினும், நாளேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோப்பு முறைமையிலும் அவ்வாறே. ஒரு கோப்பினை நீட்டும்போது, வெற்றிடப் பட்டியலில் ஒரு மாற்றம், கோப்பின் விவர அட்டையில் ஒரு மாற்றம் எனப் பல மாற்றங்கள் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். அவற்றுட் சில நடந்து சில நடவாதிருக்கையில் மின் நின்றால், ஒரே இடம் இரு கோப்புகளுக்கு உரியதாகவும், எதற்கும் உரியதாகாததாகவும் தோன்றும். நாளேட்டு முறையில் இம்மாற்றங்கள் முதலில் தட்டின் தனிப்பகுதி ஒன்றிற் குறிக்கப்பட்டு, முடிவு பெற்றமைக்கு அடையாளமும் இடப்படும். மீண்டும் இயக்கும்போது அடையாளம் உள்ளவை நிறைவேற்றப்படும். அடையாளம் இல்லாதவை நிகழாதனவாகவே கொள்ளப்படும். தட்டு முழுவதையும் சோதித்தல் வேண்டா. சில நொடிகளிற் காரியம் முடியும். 2001 ஆம் ஆண்டில் லினக்ஸிற் சேர்ந்த எக்ஸ்ட் 3 இம்முறையையே எக்ஸ்ட் 2 இன்மேல் ஏற்றியது. 2008 ஆம் ஆண்டு திசம்பரில் நிலைபெற்ற எக்ஸ்ட் 4 அதனை மேலும் விரித்து, 16 தெராபைற்று அளவான கோப்பினையும் ஏற்கத்தக்கதாக்கியது.

நாளேட்டு முறை எதனைக் காக்கின்றது, எதனைக் காப்பதில்லை என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். எக்ஸ்ட் 4 இயல்பாக நாளேட்டில் எழுதுவது கோப்புகளைப் பற்றிய விவரங்களையே, கோப்புகளின் உள்ளடக்கத்தையன்று. அஃதாவது பட்டியல் சிதையாது காக்கப்படும். ஆனால் கடைசியாகத் தட்டெழுதிய பந்தி காக்கப்படும் என்ற உறுதி இல்லை. விரைவின் பொருட்டுக் கணினி எழுத்தினைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பின்னரே தட்டில் இடுகின்றது. எக்ஸ்ட் 4 புதிதாய் வந்த 2009 ஆம் ஆண்டிலே, கணினி திடீரென நின்றபோது பயனர் சிலருடைய அமைப்புக் கோப்புகள் பெயர் மாத்திரம் எஞ்ச உள்ளீடற்றுப் போயின. இஃது அக்காலத்தில் பெரும் விவாதமாயிற்று. செயலிகள் தம் எழுத்தை உடனே தட்டில் இடுமாறு வெளிப்படையாக வேண்டிக்கொள்ளல் வேண்டும் என்று, அம்முறைமையின் பொறுப்பாளராகிய தியடோர் சோ எடுத்துரைத்தார். அதனோடமையாது, அக்குறை எளிதில் நேராதவாறு முறைமையிலும் திருத்தம் செய்யப்பட்டது. கட்டுரை எழுதும் மாணவர் இதிலிருந்து கொள்ளவேண்டியது எளியது: கோப்பு முறைமை எவ்வளவு சிறந்ததாயினும், இடையிடையே சேமித்தல் என்னும் பழக்கத்துக்கு அது மாற்றாகாது.

இரண்டாம் விடை வேறொரு வழியிற் சென்றது. அதனை விளக்க ஓலைச்சுவடியே தக்க உவமை. எழுத்தாணியாற் கீறிய எழுத்தை அழித்து அதன்மேல் வேறெழுத்தை எழுதுதல் அரிது. ஓர் ஏடு பழுதாயின், அதில் உள்ளதைத் திருத்தமாகப் புதிய ஏட்டில் எழுதி, சுவடியின் கயிற்றை அவிழ்த்துப் பழைய ஏட்டின் இடத்திற் புதியதைக் கோப்பதே வழி. புதிய ஏடு எழுதி முடியும்வரை பழைய ஏடு சுவடியிலேயே இருக்கும். ஆதலின் எழுதும்போது இடையூறு நேரினும் சுவடி குறைவுபடாது. பி.ரி.ஆர்.எப்.எஸ். இம்முறையிலேயே இயங்குகின்றது. நாவுக்கு எளிதாக இதனைப் ‘பட்டர்’ என வழங்குவோரும் உளர். ஒரக்கிள் நிறுவனத்தில் கிறிஸ் மேசன் என்பார் 2007 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். 2009 ஆம் ஆண்டில் லினக்ஸின் கருவில் அது சேர்ந்தது. இதில் உள்ள தரவின்மேல் மறு தரவு எழுதப்படுவதில்லை. மாற்றம் புதிய இடத்தில் எழுதப்பட்டு, எல்லாம் முடிந்தபின் பட்டியலின் தலைப்பு மாத்திரம் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பப்படும்.

இவ்வழியினின்று மூன்று நன்மைகள் இயல்பாகவே கிளைக்கின்றன. முதலாவது, பழைய நிலையை அப்படியே நிறுத்திவைத்தல். பழைய ஏடுகளை எறியாது ஒரு கட்டாக வைத்திருப்பதுபோல, குறித்த கணத்தில் தட்டு இருந்த நிலையை ஒரு நொடியிற் பதிந்து வைக்கலாம். புதிய செயலிகளை நிறுவிக் கணினி பழுதாயின் முன்னைய நிலைக்கு மீளலாம். இரண்டாவது, உள்ளடக்கத்தின் மெய்ம்மையைச் சோதித்தல். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை கணித்து வைக்கப்படுகின்றது. வாசிக்கும்போது தொகை ஒவ்வாதாயின், தட்டு பழுதுற்றது என்று முறைமை அறிவித்துவிடும். எக்ஸ்ட் 4 பட்டியலுக்கு இத்தகைய தொகையை வைத்திருப்பினும் உள்ளடக்கத்துக்கு வைப்பதில்லை. ஆதலின் அதில் நிழற்படம் ஒன்று சிறிது சிறிதாகக் கெட்டுவரினும் அதனைத் திறந்து பார்ப்பவரே கண்டறிதல் வேண்டும். மூன்றாவது, தரவினைச் சுருக்கி எழுதுதல். எழுத்துக் கோப்புகள் மிகுந்த தட்டில் இதனால் இடம் கணிசமாக மிஞ்சும்.

நன்மைகள் உளவெனின் செலவுகளும் உள. மாற்றங்கள் எல்லாம் புதிய இடத்தில் எழுதப்படுவதால், ஓயாது மாறிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்புகள் தட்டெங்கும் சிதறுண்டு வேகம் குறையும். தட்டு முற்றும் நிரம்பும் தறுவாயில், ஒன்றை அழிப்பதற்குக்கூடச் சிறிது வெற்றிடம் வேண்டியிருப்பதால், அனுபவமில்லாதவர் திகைக்க நேரும். பழைய நிலைகளை நிறுத்திவைப்போர் அவற்றை உரிய காலத்தில் நீக்கத் தவறின், அழித்த கோப்புகளின் இடமும் மீளாது. ஆக, பட்டர் முறைமை தன்னை அறிந்து பேணுவோருக்கே முழுப் பயனையும் தருவது.

இவ்விரண்டனோடு வைத்தெண்ணத் தக்கது எக்ஸ்.எப்.எஸ். என்பதாகும். சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் தன் வலுமிக்க கணினிகளுக்கென 1993 ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கிய இது, பின்னர் லினக்ஸுக்கும் கொணரப்பட்டது. பெருங்கோப்புகளை ஒரே வேளையிற் பலர் எழுதுவதும் வாசிப்பதுமான இடங்களில் இது சிறந்து விளங்கும். ஒரு தடை மாத்திரம் நினைவிற் கொள்ளத்தக்கது. இதில் அமைந்த பிரிவினைப் பெருப்பிக்கலாம். ஏனைய இரண்டிலும்போல வேண்டும்போது சுருக்கிக்கொள்ளல் இயலாது.

இனி, வழங்கல்களை ஆக்குவோர் தெரிந்தெடுத்தவற்றை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். உபுந்து 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் எக்ஸ்ட் 4 ஐயே இயல்பாகக் கொண்டது. ரெட் ஹாட் நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் வணிக வழங்கலின் ஏழாம் பதிப்பில் எக்ஸ்.எப்.எஸ். ஐ ஏற்றது, 2019 ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பிற் பட்டர் முறைமையை அறவே நீக்கியது. அதே நிறுவனத்தின் ஆதரவில் வளரும் பெடோராவோ அடுத்த ஆண்டிலேயே மேசைக் கணினிக்குப் பட்டரைத் தெரிந்தெடுத்தது. ஓபன்சூசே 2014 ஆம் ஆண்டில் முறைமைக் கோப்புகளுக்குப் பட்டரையும், பயனருடைய கோப்புகளுக்கு எக்ஸ்.எப்.எஸ். ஐயும் என ஒரே கணினியில் இரண்டையும் அமைத்தது. தேர்ந்த அறிஞரிடையே இத்துணை வேறுபாடு காணப்படுதற்குக் காரணம் அவருள் ஒரு சாரார் அறியாமையுடையர் என்பதன்று. வணிகச் சேவையகத்தின் தேவை வேறு, தனியொருவர் மடிக்கணினியின் தேவை வேறு. எது சிறந்தது என்னும் வினா தன்னளவில் நிறைவுபெறாதது. யாருக்கு, எப்பணிக்கு என்னும் சொற்கள் சேர்ந்த பின்னரே அது விடைக்கு உரியதாகும்.

தமிழில் எழுதுவோருக்கென்று தனியே எழும் தேவை ஒன்றும் உண்டு. கோப்புகளுக்குத் தமிழிற் பெயரிடுதல் இன்று எல்லா முறைமைகளிலும் இயலும். எனினும் எக்ஸ்ட் 4, எக்ஸ்.எப்.எஸ்., பட்டர் ஆகிய மூன்றும் கோப்பின் பெயருக்கு 255 பைற்றுகளையே எல்லையாகக் கொண்டுள்ளன. ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்றில் அடங்கும். ஒருங்குறியில் அமைந்த தமிழ்க் குறியொன்று, லினக்ஸ் வழங்கும் குறிமுறையில் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். புள்ளியும் துணைக்குறிகளும் தனிக்குறிகளாகவே எண்ணப்படும். ‘பல்கலைக்கழகம்’ என்னும் சொல் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. கணினிக்குப் பதின்மூன்று குறி. தட்டிலோ 39 பைற்று. ‘பேராதனைப் பல்கலைக்கழகம்’ என்னும் இருசொற் பெயர் இடைவெளியோடு 67 பைற்றாகி எல்லையிற் காற்பங்கைத் தாண்டிவிடுகின்றது. தமிழ்க் குறிகள் 85 சேர்ந்தால் எல்லை முடிந்தது. விண்டோஸின் என்.ரி.எப்.எஸ். முறைமை பைற்றுகளை எண்ணாது குறிகளை எண்ணுவதால் அங்கே 255 தமிழ்க் குறிகள் இடம்பெறும். அங்கே நீண்ட தலைப்பினைப் பெயராகச் சூட்டிய கோப்பு, லினக்ஸுக்குப் படியெடுக்கும்போது ஏற்கப்படாமற் போவதற்குக் காரணம் இதுவே. தலைப்புகளை முழுமையாகக் கோப்புப் பெயராக்கும் நூலகப் பணியாளரும் ஆய்வு மாணவரும் இதனை அறிந்து பெயர்களைச் சுருக்கி அமைத்தல் நன்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. ‘கோ’ என்னும் எழுத்தினை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக்குறி ஒன்றே சேர்த்தெழுதுதல் ஒன்று, ஏகாரக்குறியும் காற்குறியும் தனித்தனியே சேர்த்தெழுதுதல் மற்றொன்று. திரையில் இரண்டும் ஒரே வடிவினவே. லினக்ஸின் கோப்பு முறைமைகளோ இயல்பாகப் பெயர்களைப் பைற்றுப் பைற்றாக ஒப்பிடுவன; ஆதலின் அவற்றுக்கு இவை வேறு வேறு பெயர்கள். ஒரே பெயருடைய இரு கோப்புகள் ஒரே உறையில் இருப்பதுபோலத் தோன்றுவதும், தேடும்போது ஒன்று அகப்படாமற் போவதும் இதனால் நேர்வன. 2019 ஆம் ஆண்டில் எக்ஸ்ட் 4 இல் இவ்விருவகை எழுத்தையும் ஒன்றாகக் கொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. அது தானாக இயங்குவதன்று, வேண்டிப் பெறவேண்டுவது. எனவே ஒரு நிறுவனத்தார் யாவரும் ஒரே வகையான விசைப்பலகை முறையைக் கையாளுதலே எளிய பரிகாரம்.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின், நிறுவுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் மூன்று எனலாம். கணினியைப் பேணுவார் யார்? அதில் நிகழும் பணி எத்தகையது? எதனை இழத்தல் பொறுக்கத்தக்கது, எதனை இழத்தல் பொறுக்கத்தகாதது?

பலர் கைமாறிப் பயன்படுத்தும் பாடசாலைக் கணினிக்கும், வன்தட்டு ஒன்றேயுள்ள பழைய வீட்டுக் கணினிக்கும் எக்ஸ்ட் 4 பொருத்தமானது. அது நெடுங்காலம் பழகித் தெளிந்தது. பேணுதற்கென அறிவு மிகுதியும் வேண்டுவதில்லை. பழுது நேரின் மீட்கும் கருவிகளும் அறிந்தோரும் எளிதிற் கிடைப்பர். அது தட்டின் நூற்றுக்கு 5 பங்கினை நிருவாகிக்கென ஒதுக்கிவைப்பதையும் அறிந்திருத்தல் நன்று. தரவு மாத்திரம் வைக்கும் பெருந்தட்டில் அவ்வொதுக்கீட்டைக் குறைத்துக்கொள்ளலாம். தம் சொந்த மடிக்கணினியில் ஆண்டுக்கணக்காக ஆய்வு செய்வோர், சிறிது கற்று முயலுவாராயின், பட்டர் முறைமையால் மிக்க பயன் பெறுவர். உள்ளடக்கம் கெட்டதை அறிவிக்கும் காவலும், தவறாக அழித்ததை மீட்கும் வசதியும் அவர்க்கு உழைப்பின் காப்பாகும். ஒலி, ஒளிப்பதிவுகளைப் பெருந்தொகையாகத் திரட்டிவைக்கும் சேவையகத்துக்கு எக்ஸ்.எப்.எஸ். ஏற்றது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இயங்குமாயின், லினக்ஸை அதற்குரிய முறைமையிலேயே அமைத்து, இரண்டும் பகிர்தற்கென வேறொரு சிறு பிரிவினை இரண்டும் அறிந்த முறைமையில் வைத்துக்கொள்ளல் வேண்டும். விண்டோஸ் தானாக எக்ஸ்ட் 4 ஐ வாசியாது. கையிற் கொண்டு திரியும் நினைவிக் கோல்களிற் பழைய பாட் 32 முறைமை இருப்பின், 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட ஒரு கோப்பினை அது ஏற்காது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

எதனைத் தெரிந்தெடுப்பினும், பயனருடைய கோப்புகளை முறைமைக் கோப்புகளினின்று பிரித்து வைத்தல் நன்று. எக்ஸ்ட் 4 இல் அதற்கெனத் தனிப் பிரிவு வகுக்கலாம். பட்டரில் ஒரே பிரிவினுள்ளே உட்பிரிவுகளாக அமைக்கலாம். பின்னர் வழங்கலைப் புதிதாக நிறுவ நேரின், ஏனையவற்றை அழித்தாலும் பயனருடைய உழைப்பு தொடப்படாதிருக்கும்.

ஈற்றில் ஒன்று கூறாதொழிதல் தகாது. நாளேட்டு முறையும் படியெடுத்தெழுதும் முறையும் தட்டு ஒன்றினுள்ளே ஒழுங்கைக் காப்பன. தட்டே அழிந்தால் அவை யாதுஞ் செய்யா. பழைய நிலைகளை நிறுத்திவைக்கும் பட்டரின் வசதியும் அதே தட்டிலேயே தங்கியிருப்பதாதலின், அதனை இரண்டாவது படி என்று எண்ணுதல் பிழை. இடி விழுந்து கருகிய தட்டிலிருந்து எந்தக் கோப்பு முறைமையும் எதனையும் மீட்டுத் தராது. ஒரே படியாக இருப்பதன் ஆபத்தை ஈழத்துத் தமிழருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியுள்ள நூல்கள் மீண்டும் வாங்கப்பட்டன. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் என்றென்றைக்குமாக மறைந்தன. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கணினிப் படிகளாக்கி யாவரும் பெற வைத்ததன் பயன் இதனால் நன்கு விளங்கும்.

தாத்தாவின் கையெழுத்துப் படியை மின்வருடி எடுத்த மாணவருக்கும், தோட்டப் பாடசாலையொன்றின் வரவுப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிய ஆசிரியருக்கும் அக்கோப்புகள் அந்நூலகத்துச் சுவடிகளை ஒத்தனவே. அவர் தெரிந்தெடுக்கும் கோப்பு முறைமை மின்தடை வரும் மாலைப் பொழுதில் அவற்றின் ஒழுங்கைக் காக்கும். அதற்கப்பாலுள்ள காவல், அக்கணினியினின்று கழற்றி வேறொரு வீட்டில் வைக்கப்பட்ட இன்னொரு தட்டே. நிறுவல் முடிந்த அன்றே அதற்கும் ஒழுங்கு செய்துவிடுவோரே இத்தெரிவினை முழுமையாகச் செய்தவராவர்.